வீட்டுக்காரர்

சட்டைப் பைக்கு மேல கறுப்புப் பட்டை.
எழுதியிருக்கறதப் படிக்க எனக்கு வராது.
அவனே சொன்னான்: எல்டர் விட்டேக்கர்.
என் காதுல விழுந்தது வீட்டுக்காரர்.

பத்தொன்பது வயசு. மீசை இன்னும் முடிவெடுக்கல.
"வீட்டுக்காரரே, சட்டை ரெடி"ன்னு நான் கூப்பிட
டயர் கடை மஸ்தான் பாய் சிரிச்ச சிரிப்புல
ஸ்பேனர் சாக்கடையில விழுந்துச்சு.
என் நிஜ வீட்டுக்காரர் ஓசூர் வரைக்கும்னு கிளம்பி
ஒன்பது வருஷம்.
இவன் ஐடஹோவாம். உருளைக்கிழங்கு விளையற ஊராம்.
ரெண்டு பேருமே கிளம்பினவங்கதான்.
இவன் மட்டும் திரும்பற தேதிய
சொல்லிட்டு வந்திருக்கான்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்து ஓரம், புங்கமரம், என் வண்டி.
திங்கக்கிழமை ஆறு வெள்ளைச் சட்டை வரும்.
அவனே தோய்ச்சது, நீலம் திட்டுத் திட்டா.
கூடவே பொன்னாடா, ராஜமுந்திரிப் பக்கத்துப் பையன்.
ஒருத்தன விட்டு ஒருத்தன் நடக்கக் கூடாதாம்.
டீ நீட்டினேன். வேண்டாமாம்.
காப்பி? அதுவும்.
அப்ப பெங்களூருக்கு எதுக்குடா வந்தீங்க?
வெந்நீர் வாங்கிக் குடிச்சான்
டீ மாதிரியே ஊதி ஊதி.

சாமி பத்தி ஒரு வார்த்தை பேசல.
பொன்னாடாதான் சொன்னான்: கேட்டா சொல்லலாம்க்கா,
கேக்காம சொல்லக் கூடாது.
அடப்பாவி, ஒரு கேள்விக்காகவா
இவ்வளவு தூரம் வந்து நிக்குது இந்தப் புள்ள?
நான் கேக்கல.
இருக்கற சாமிங்களுக்கே நான் பாக்கி.

சட்டை தானா சொல்லும்.
ஒண்ணு, முதுகு முழுக்க பைக்கட்டு வாரோட துரு.
ஒண்ணுல மஞ்சள், ரசம். யாரோ உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருக்காங்க.
இன்னொண்ணோட பையில
தண்ணியில ஊறி மாவான துண்டுச் சீட்டு.
பொன்னாடா பிரிச்சுப் படிச்சான்:
ஊட்டா. நீரு. நாளே பன்னி.
தமிழ்ல கேட்டா சிரிப்பு, கன்னடத்துல மரியாதை.
நாளைக்கு வாங்க.
அதுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தான்.
இந்த ஊர்ல பேய் வந்து கதவத் தட்டினாலும்
அதத்தான் எழுதி வெப்பாங்கன்னு
யார் போய் இவன்கிட்ட சொல்றது.

வியாழன் ராத்திரி, கடை கட்டற நேரம், மழை,
ஒத்தச் சட்டையோட வந்தான்.
தோய்க்கல. மத்ததெல்லாம் ஈரம், காலையில இதான்.
முன்கையில பெட்டிய வெச்சேன். சுர்ருன்னுச்சு.
வேர்வை கழுத்துல இருக்கும், அக்குள்ல இருக்கும்.
கண்ணத் துடைக்கற இடத்துல இருக்காது.
இஸ்திரிப் பெட்டிக்குத் தெரியாத உப்பா.

பொன்னாடா காதோட சொன்னான்:
கம்மனஹள்ளியில ஒரு வீடு, அஞ்சு வாரமா போறோம்,
அந்தம்மா அவ்வளவு கேள்வி கேப்பாங்க.
இன்னிக்குப் போனா பூட்டு.
அட்வான்ஸ் வாங்கிட்டுக் காலி பண்ணிட்டாங்களாம்.
சொல்லிக்கல.

சொல்லிக்காம போறதப் பத்தி
உங்க சபையில யாருக்குடா என்ன விட அதிகம் தெரியும்?
வாய் வரைக்கும் வந்துச்சு.
முழுங்கிட்டு, கைய இன்னொரு தரம் தேய்ச்சேன்,
மடிப்பு கத்தியா நிக்கற வரைக்கும்.
அப்புறம் கேட்டேன்:
வீட்டுக்காரரே, உங்கம்மா தேய்ச்சா
கைக்கு ஒத்த மடிப்பா, ரெட்டையா?

முழிச்சான். பொன்னாடா மொழிபெயர்த்தும் முழிச்சான்.
வீட்டுக்குப் பேசற நாள் திங்கக்கிழமைதானாம்.

திங்கக்கிழமை ஆறு சட்டையோட ஓடி வர்றான்.
கீழ கூட்ஸ் வண்டி போகுது, முடியவே மாட்டேங்குது,
வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல,
காத்துல கையால தேய்ச்சுக் காட்டறான்.
கடைசிப் பெட்டி போனதும்
தமிழா கன்னடமா, எதுலயும் சேராத ஒரு பாஷையில:
அம்மா இல்ல. அப்பா.
எங்க வீட்ல தேய்க்கறது அப்பா.
சனிக்கிழமை ராத்திரி, அஞ்சு பேரோடதும்.
ஒத்த மடிப்பு.

அப்படியான்னேன்.
சட்டைக்குப் பத்து, அறுவது குடுத்தான்.
இத்தன நாளும் நான் போட்டுக் குடுத்தது ரெட்டை.
கரியக் கிளறிவிட்டு
முதல் சட்டைய விரிச்சேன்.