நிறுத்தல்

ரொட்டிக் கடைப் பையில் சுற்றி
கிராங்க் திரும்பி வந்தது.
கூடவே ஒரு சீட்டு:
"இது திருடுகிறது.
பழைய மீட்டரில் முந்நூற்றுப் பத்து வாட் மிதித்தவன்
இதில் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
அதே ஏற்றம், அதே கால்.
ஓய்ஹான்."

பதினொன்று.
பந்தயத்தில் பதினொரு வாட் என்பது
முன்னால் போகிறவனின் முதுகு
கண்ணில் படுவதற்கும் படாததற்கும் நடுவே
இருக்கிற ஒரே ஒரு வளைவு.

ஏய்பாரில் எங்கள் தெரு
முன்பு துப்பாக்கிக் குழல் கடைந்த தெரு.
பிறகு சைக்கிளுக்கு மாறியது.
மயிரிழையைப் பிளந்து பார்க்கும் புத்தி மட்டும்
மாறாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

நான் செய்வது இவ்வளவுதான்:
மிதிக்கும்போது கிராங்க் வளைகிறது,
கண்ணுக்குத் தெரியாமல்,
அதற்கே தெரியாமல்கூட இருக்கலாம்.
அரை நகம் அளவு ஒரு படலத்தை அதன் மேல் ஒட்டுகிறேன்.
உலோகம் இழுபட்டால் படலத்தின் கம்பியும் இழுபடும்,
மின்தடை ஒரு துளி ஏறும்.
அந்தத் துளியைப் பெருக்கி
வாட் என்று பெயர் வைத்து விற்கிறோம்.
பசை நூற்றிருபது டிகிரியில் இரண்டு மணி நேரம் வேக வேண்டும்.
அதுவரை நான் யாரோடும் பேசுவதில்லை.

கிராங்கைக் கிடையாகப் பூட்டினேன்.
பெடல் முனையில் இருபது கிலோ எடைக்கல்.
ஆடி, ஆடி, அடங்கியதும்
முப்பத்து மூன்று புள்ளி எட்டு.
கணக்கும் அதையே சொன்னது.

கோல்டோ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
முதலாளி; காப்பி வாசனை.
"மூன்று சதவீதம் கூட்டிப் போடேன், மாத்தலேன்.
மென்பொருளில் ஒரு வரி.
பையனுக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்."
கூட்டிக் கொடுத்ததை
எந்தக் காலிலிருந்து திருப்பி வாங்குவது என்றேன்.
பதில் சொல்லாமல் போனார்.
கோப்பையை என் மேசையில் விட்டுவிட்டு.

இரவு படுத்தும்
அந்தச் சீட்டு கண்ணை விட்டுப் போகவில்லை.
ஞாயிறு காலை மலையில் நாலு டிகிரி.
என் பட்டறையில் இருபத்திரண்டு.

மறுநாள் மாலை கிராங்கைக்
குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்,
பாலாடைக் கட்டிக்கும்
யாரோ பாதி குடித்த ஆப்பிள் மதுவுக்கும் இடையில்.
விடிந்ததும் கை சில்லிட எடுத்து
வேர்ப்பதற்குள் எடையைத் தொங்கவிட்டேன்.

முப்பத்து மூன்று புள்ளி ஐந்து.

குளிரில் அலுமினியம் விறைத்துக்கொள்கிறது.
கொஞ்சம் குறைவாகத்தான் வளைந்து கொடுக்கிறது.
எங்கள் ஊர் ஆட்களைப் போலத்தான்,
தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.
வெப்பத் திருத்த அட்டவணையில்
பத்து டிகிரிக்குக் கீழே
நான் நிரப்பாமல் விட்ட கட்டங்கள்.
வெயில் காலத்தில் எழுதியது.

கடிதத்தை நாலு முறை கிழித்தேன்.
ஐந்தாவதில் இருந்தது:
"மூன்று வாட் என் பிழை. சரிசெய்து தருகிறேன்.
மீதி எட்டு எங்களிடம் இல்லை.
பழைய மீட்டரைக் கொண்டு வா."

வந்தான். நினைத்ததைவிடக் குள்ளம்,
முழங்காலில் காயம் ஆறிய பளபளப்பு.
என்னை உட்காரச் சொல்லவில்லை, அவனும் உட்காரவில்லை.
எடைக்கல்லை அவனையே மாட்டச் சொன்னேன்.
அது ஆடியது.
ஆட்டம் நிற்கும்வரை
இரண்டு பேரும் மூச்சைச் சத்தமில்லாமல் விட்டோம்.

முப்பத்து நான்கு புள்ளி ஏழு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கால்குலேட்டர் மேசையில்தான் இருந்தது.
அவனும் எடுக்கவில்லை.
கல்லைக் கழற்றினான்,
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான்,
மறுபடி மாட்டினான்.

"இன்னொரு தடவை" என்றான்.