இருநூற்றுப் பன்னிரண்டாம் மணி

பொடியாக வந்தபோது அதற்குப் பளபளப்பே இல்லை.
சாம்பல் நிறம். விரலிடுக்கில் ஒட்டினால்
மூன்று நாள் போகாது.
டப்பாவை முதன்முதலில் தூக்குகிறவர்கள் மட்டும்
ஒரு நொடி முகம் மாறுவார்கள்,
இத்தனூண்டுக்கு இவ்வளவு கனமா என்று.

டங்ஸ்டனை உருக்கி ஊற்ற
எங்களிடம் பாத்திரம் இல்லை.
அது இளகும் சூட்டில்
பாத்திரம் முந்திக்கொண்டு இளகிவிடும்.
ஆகவே பொடியை அச்சில் அழுத்துகிறோம்.
ஹைட்ரஜனுக்குள் நிறுத்தி
அதன் உடம்பு வழியே மின்சாரம் விடுகிறோம்.
உருகாமலே
துகள் துகளைப் பிடித்துக்கொள்கிறது.
அப்புறம் சுத்தியல்கள். சுடச்சுட, சுற்றிச் சுற்றி,
விரல் தடிமன் கம்பியாகும்வரை.

சிர்சிக் நகரம், ஜனவரி.
வெளியே ஆறு பாதி உறைந்திருந்தது.
உள்ளே இரண்டு உலை, இரண்டு கம்பி,
இரண்டின் காலிலும் ஒரே எடை.
ஆயிரத்து எண்ணூறு டிகிரி.
கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால்
வெள்ளைக் கோடு. அவ்வளவுதான்.
மணிக்கொருமுறை நீளத்தை எழுதுவது என் வேலை.

முதலாவது சுத்தமான கம்பி.
பதினோராம் மணியிலேயே நீளத் தொடங்கிற்று.
ஸ்வெத்லானா நொகாய் அதை அறுத்து, மெருகேற்றி,
நுண்ணோக்கியில் காட்டினாள்:
மூங்கில் கணு போலக் குறுக்கே வெட்டிய எல்லைகள்.
எடை இழுக்க இழுக்க
கணுவுக்குக் கணு வழுக்கியிருந்தது.

இரண்டாவதில் கொஞ்சம் பொட்டாசியம்.
பத்து லட்சத்தில் எழுபது பங்கு.
ருஸ்லான் அதை அழுக்கு என்பான்.
அந்த அழுக்கால் உலோகத்தில் கரையவும் முடியாது,
வெளியேறவும் வழியில்லை.
குமிழியாகி, வரிசையாக,
கம்பியின் நீளத்துக்கு உட்கார்ந்திருக்கும்.
நகரப் பார்க்கும் எல்லை
குமிழியில் சிக்கி நிற்கும்.
மணிகள் குறுக்கே பருக்க முடியாமல் நெடுக வளர்ந்து
இரு கை விரல்களைக் கோத்ததுபோல்
ஒன்றுக்குள் ஒன்று.

நூறாம் மணி. நூற்றைம்பது. இருநூறு.
வரைபடத்தில் கோடு படுத்தே கிடந்தது.
நான் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றேன்.
நொகாய் காலணியைக் கழற்றிவிட்டுத் தூங்கினாள்.

அதிகாலை மூன்று நாற்பது.
ஊரே அணைந்தது.

ஜன்னலில் வெள்ளை மஞ்சளாயிற்று,
மஞ்சள் மாதுளம்பூவாயிற்று,
பிறகு கண்ணாடியில் என் மூக்கு மட்டும்.
கைபேசி வெளிச்சத்தில் ஹைட்ரஜன் வால்வை மூடினேன்.
ஆர்கானைத் திறந்தேன்.
அது சீறுவதை
அவ்வளவு ஆசையாக அதற்குமுன் கேட்டதில்லை.

ஆறு மணிக்கு, ஆறிய கம்பியை
நொகாய் இடுக்கியால் எடுத்தாள்.
திரும்பும்போது
மேசை விளிம்பில் தட்டிற்று.
ஒரு சின்ன சத்தம்,
தேநீர்க் கிண்ணம் உடைவதுபோல்.
இரண்டு துண்டு.
அவள் கொரிய மொழியில் ஏதோ சொன்னாள்.
அவளுக்கு அந்த மொழியில் தெரிந்ததே
அந்த ஒரு சொல்தான்.

ஷாவ்கத் போன் பண்ணினார்.
வாங்குகிறவர்களுக்கு முந்நூறு மணி வேண்டும்.
கோடு நேராகத்தானே போகிறது மவ்ஜூதா,
ஸ்கேலை வைத்து நீட்டிவிடேன்.

நீட்டலாம்.
முதல் கம்பியும் பத்து மணிவரை
நேராகத்தான் போயிற்று.

பேனா உறைந்திருந்தது. ஊதிச் சூடாக்கி எழுதினேன்:
நேரம், இருநூற்றுப் பன்னிரண்டு மணி.
நீட்சி, நூற்றில் கால் பங்குக்கும் கீழே.
சூட்டில் முறியவில்லை.
முறிந்த இடம்: மேசை.
நிறுத்தக் காரணம்: மின்சாரம்.

ஏழு பத்துக்கு மின்சாரம் திரும்பிற்று.
கழிப்பறைக்குப் போகும் வழியில்
எவரும் மாற்ற நினைக்காத பழைய குண்டு பல்பு
எரிந்தது.
அதற்குள்ளும் இதே கம்பிதான், மயிரிழையாக.
அது எத்தனையாவது மணியில் இருக்கிறது என்று
எந்த நோட்டிலும் இல்லை.