அடுக்குச் சரியில்ல

கேமலதா மச்சாளும் நானும்
ஒருவருக்கொருவர் என்ன முறை என்று
கல்முனை பஸ்ஸில் பக்கத்துச் சீற் மனுசி கேட்டதும்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
யன்னலுக்கு வெளியே பார்த்தோம்.
கோட்டைக்கல்லாறு. பாலம். தண்ணீர்.
"மச்சாள்தான்" என்றாள் அவள்
தாழங்குடா தாண்டிய பிறகு.
மனுசி களுவாஞ்சிகுடியிலேயே இறங்கியிருந்தா.

அண்ணனை விட்டுப் போய் இரண்டு வருசம்.
கோட்டில் எல்லாம் முடிந்தது,
எங்கள் போன் பேச்சு மட்டும் முடியவில்லை.
சனி ஞாயிறு மட்டக்களப்பில நிற்பம், சும்மா வா
என்று புதன் இரவு அவள்தான் கூப்பிட்டாள்.
வீட்டில் நான் சொன்னது:
முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி.

கல்லடியில் அறை.
ஒரு நம்பரில் மட்டும் சுற்றுகிற ஃபேன்.
பின்னேரம் பழைய பாலத்தால் நடந்தோம்.
மீன் பாடுதா என்று மச்சாள் கம்பியில் காது வைத்தாள்.
"மோட்டர் சைக்கிள்தான் பாடுது."

புளியந்தீவில்
பூட்டிக் கிடந்த அச்சகத்துக்குப் பக்கத்தில்
ஒரு மின்சாரசபைப் பெட்டி.
நான் அதைக் கடந்து போய்விட்டேன்.
அவள் வரவில்லையே என்று திரும்பினால்
பெட்டி முழுக்க பிரிட்ஜ்.
யாரோ தீட்டியது, கதவு திறந்தபடி.
மேல்தட்டில் தயிர்ச்சட்டி,
கடதாசியில் சுற்றிய இறால், பக்கத்தில் கொய்யா,
வெட்டிய பாதித் தேசிக்காய்,
ஆருடையதோ ஊசிமருந்துக் குப்பி.
உள்விளக்கின் மஞ்சள்
கொங்கிறீற்றில் வழிந்து
தார் ரோட்டு வரைக்கும் பெயின்ற்றாக வந்திருந்தது.

ஒரு பொடியன் தண்ணீர் எடுப்பதுபோலக் கை நீட்ட
மற்றவன் படம் பிடித்தான்.
எனக்குச் சிரிப்பு.
மச்சாள் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி நின்றாள்.
"அடுக்குச் சரியில்ல கா.
தயிரை ஆரும் மேல வைப்பாங்களா?
இறாலுக்குப் பக்கத்தில கொய்யா. நாறும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டு பிரிட்ஜ்.
ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்தில்
பதினெட்டு மாதக் கட்டுக்காசு.
ரசீது எல்லாம் அவள் பெயரில்.
அவள் போன அன்று
ஓட்டோவில் ஏறாது என்றார்கள்.
லொறி பிடிக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.
நானும்.
இந்தப் பயணத்துக்கும் அதிலிருந்துதான்
போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தேன்.
பாதியை அவள் குடித்திருந்தாள்.

"வேலை செய்யுதா?"
எது என்று கேட்காமல்
"ஓம். கொஞ்சம் சத்தம்" என்றேன்.
"சுவரில முட்டாம பின்னுக்கு ஒரு கட்டை வை."

பிறகு குந்தினாள்.
கைப்பையிலிருந்து கண்மைப் பென்சில் எடுத்து
மரக்கறித் தட்டின் வலது மூலையில்
மூன்று விரல் நீளத்துக்கு
ஒரு வெடிப்புக் கீறினாள்.
கிளை விடுகிற இடம்கூடச் சரி.

அது நான் போட்டுடைத்த தட்டு.
அண்ணன் கத்தியபோது
தன் கைதான் என்று சொன்னவள் அவள்.

இரவு கொத்துரொட்டி.
தாளில் ஒட்டிய கடைசித் துண்டுக்கு
இரண்டு பேரும் அடிபட்டோம்.
அவள் குறட்டை விட்டாள், முன்பு போலவே.

ஞாயிறு காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில்
பிரிட்ஜின் நடுவில் போஸ்டர்:
சாதாரண தரக் கணிதம், இறுதி மீட்டல்.
பசை இன்னும் காயவில்லை.
நகத்தால் உரித்தேன்.
தயிர்ச்சட்டியின் பாதியும் சேர்ந்து வந்தது.
அதைக் கையில் வைத்துக்கொண்டு
எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றேன்.
மச்சாள் ஓட்டோ மறித்துக்கொண்டிருந்தாள்.

செட்டிபாளையத்தில் ஒரு லொறி
எங்கள் பஸ்ஸை முந்திப் போனது,
பின்பக்கம் வெறுமையாக,
கட்டாத கயிறு காற்றில் அடித்தபடி.
"லொறிக்கு எவ்வளவு கேட்பான்?" என்றேன்.
அவள் கண்ணை மூடியிருந்தாள்.
நித்திரை என்றுதான் நினைத்தேன்.

கல்லாற்றுப் பாலத்தில் கண் திறக்காமல் கேட்டாள்:

"கல்முனை லொறியா,
திருக்கோவில் லொறியா?"