ஈடு

முதலில் சட்டைப்பையைத் தட்டுகிறேன்,
அங்கே இல்லையென்று தெரிந்தே.
பிறகு பேண்ட்டின் பின்பை.
பிறகு ஸ்டீயரிங்குக்கு மேலே
சந்தனம் காய்ந்த பிள்ளையாருக்குப் பின்னால்.
முன்னீர்பள்ளம் விலக்கில்
கையைக் காட்டிய எஸ்.ஐ. அம்மா
அதுவரை பொறுமையாகத்தான் நின்றார்.

"லைசன்ஸ் இருக்கா, எடுக்கவே இல்லியா?"
"இருக்கும்மா. ஈட்டுல இருக்கு."

ஏட்டையா சிரித்துவிட்டார்.
நான் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன்:
அண்டா ஒன்று, பதினாறு படி.
தேக்சா மூன்று. கண்கரண்டி இரண்டு.
வாளி நிறைய சாம்பார்க் கரண்டிகள்.
மேலப்பாளையம் மீரான் பாய் கடையில்
முன்பணத்துக்கு ஆயிரம் குறைந்தது.
பாய் ரசீதில் நீல மையில் எழுதியிருந்தார்:
'ஈடு: டிரைவர் லைசன்ஸ் 1.'

அம்மா ரசீதை இரண்டு தரம் படித்தார்.
ஏட்டையா எட்டிப் பார்த்து,
"அண்டாவுக்கு லைசன்ஸ வச்சீரு.
லைசன்ஸுக்கு என்னத்த வைப்பீரு வே, அண்டாவையா?"

"செல்லுல காட்டுங்க" என்றார் அம்மா.
"ஆப்ல இருந்தாலும் செல்லும்.
இல்லன்னா அபராதம்தான்."

செல்லில் இருக்கிறது.
போன மாதம்தான் செல் மாற்றினேன்,
திறக்க ஆறு எண்கள் கேட்கிறது.
அந்த ஆறு எண்கள் போய்ச் சேரும் நம்பர்
இப்போது என்னுடையது இல்லை.

செங்கல் லோடு அடித்த காலத்தில்
இந்த வண்டிக் கதவில் எழுதியிருந்த நம்பர் அது.
நானும் என் மனைவியின் தம்பி குத்தாலிங்கமும்
கணக்கு முடித்துப் பிரிந்தபோது
வண்டி எனக்கு, நம்பர் அவனுக்கு.
மேலே பச்சைப் பெயிண்ட் அடித்தேன்.
சாயங்கால வெயில் பட்டால்
கடைசி மூன்று எண்கள் இன்னும் தெரியும்.

மூன்று வருடம் இரண்டு மாதம்.
நடுவில் ஒருத்தி பிறந்து
அவளுக்கு மூன்றாவது வயது நடக்கிறது.
நாளைக் காலை காதுகுத்து.
மடியில் உட்கார்த்திக்கொள்ள
மாமன் முறையில் ஒருவரைப்
பாப்பாக்குடியிலிருந்து ஏற்பாடு செய்திருக்கிறோம்.
அவருக்கு மூட்டுவலி, நாற்காலி கேட்டிருக்கிறார்.

"என்ன யோசிக்கீங்க?" என்றார் அம்மா.
பின்னால் மினி பஸ் ஆரன் அடித்தது.

அழுத்தினேன்.
நாலாவது மணியில் எடுத்தான்,
எடுத்தவன் ஒன்றும் பேசவில்லை.
அந்தப் பக்கம் கிரைண்டரோ மழையோ ஓடிக்கொண்டிருந்தது.
"ஒரு ஓடிபி வந்திருக்கும்" என்றேன்.

அவன் மூச்சு செல்லைவிட்டு விலகியது.
திரையைப் பார்க்கிறான்.

"அஞ்சு."
"ம்."
"ஒம்பது. சைபர்."
"ம்."
"ஒம்பது. ரெண்டு. ரெண்டு."

பழைய பாக்கியைச் சில்லறையாக
எண்ணி வைப்பவனைப் போல.

"எதுக்கு?"
"லைசன்ஸ் கையில இல்ல."
"எங்க?"
"பாத்திரக் கடைல."

அதற்கு மேல் அவன் கேட்க
ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.
அதைக் கேட்கவில்லை.

"அண்டா எத்தன படி?"
"பதினாறு."
"ஊருக்கே சொல்லிருக்கிய போல."

வைத்துவிட்டான்.

செல்லில் நான் வந்தேன்,
இருபத்து மூன்று வயதில், ஒட்டாத மீசையோடு.
அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"விசேஷம் முடிஞ்சதும் மொதல்ல அதத் திருப்புங்க" என்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.
சாவியைத் திருகவில்லை.
ரசீதைச் செருகப் போன கையில்
பிள்ளையாருக்குப் பின்னால் தட்டுப்பட்டது
மிஞ்சிப்போன பத்திரிகை ஒன்று.
ஓரத்தில் மஞ்சள் தடவியது,
பெயர் எழுதாதது.

விக்கிரமசிங்கபுரத்துக்கு
இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பேனா இல்லை.
ஏட்டையாவிடம் கேட்கலாமென்று தலையை நீட்டினேன்.
அவர் அடுத்த வண்டிக்குக்
கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.