ஆறு நிமிடம் ஃபாஸ்ட்டு

பாசிர் ரிஸ் போகும் ரயிலில்
கம்பியைப் பிடித்திருந்த என் கையை
ஒருவன் பார்த்துக்கொண்டே வந்தான்.
லவண்டரில் தொடங்கியது,
காலாங் தாண்டியும் விடவில்லை.
பையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

அல்ஜுனிட்டில் தமிழில் கேட்டான்:
"அக்கா, அந்த முகப்பு ஒரிஜினலா?"

எந்த முகம் என்று குழம்பிப்போய்,
பிறகுதான் புரிந்தது, கைக்கடிகாரம்.

சுங்கை ரோட்டில், மழைக்கு முன்
கடை கட்டும் அவசரத்தில் ஒருவர்
பதினெட்டு வெள்ளிக்குத் தள்ளிவிட்டது.
"பேட்டரியே வேண்டாம்" என்றார்.
அவ்வளவுதான் எங்கள் காதல்.

அவன் பெயர் தயாபரன். தெம்பனிஸ்.
வீட்டில் நாற்பத்தொரு கடிகாரங்கள்.
கழற்றிக் கொடுத்தேன்.
பின்புற எண்ணை வைத்து
"எழுபத்தாறு, ஜூன்" என்று ஜாதகம் சொன்னான்.
கறுப்பு வெளிறிப் பழுப்பானதற்கு ஒரு பெயர் உண்டாம்.
முள்ளில் படிந்த பாசி நிறத்துக்கு இன்னொன்று.
எங்கள் புளோக் மின்தூக்கிக் கதவு போட்ட கீறலுக்கு
"ஐயோ" என்றான்.

"பாலிஷ் போட்டுடாதீங்க.
தண்ணி, சோப்பு எதுவும் படக் கூடாது."
இதைக் கட்டிக்கொண்டே
இறால் உரிப்பதை நான் சொல்லவில்லை.

அவன் மணிக்கட்டோ வெறுமை.
வெயில் படாத வெள்ளைக் கோடுகூட இல்லை.
"இன்னைக்கு எதைக் கட்டுறதுன்னே முடிவாகல."
வெட்கப்பட்டான்.
நாற்பத்தொன்றும் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள்
நாற்பத்தொரு நேரங்களில் நிற்கின்றன.
ஞாயிறன்று ஒவ்வொன்றாக எடுத்து
ஆட்டிவிட்டு வைப்பானாம்.

பிடோக்கில் முந்நூறு தருகிறேன் என்றான்.
சீமேயில் ஐந்நூறு.
வேண்டாத காசில்லை.
ஆனால் காலை ஷிஃப்டுக்கு
எதைப் பார்த்து ஓடுவது?
கையை நீட்டினேன்.
சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து
அவனே கட்டிவிட்டான்,
பட்டையில் எந்தத் துளை என்று கேட்காமலே.

தெம்பனிஸ். கதவு திறந்தது.
இறங்கப் போனவன் திரும்பினான்:
"மணி என்னக்கா?"

"ஏழு இருபத்தாறு. ஆறு நிமிஷம் ஃபாஸ்ட்டு.
நானா வச்சது, பஸ்ஸுக்கு."

அவன் முகத்தில் ஏதோ துடித்தது.
கதவு மூடிக்கொண்டது.

இரவு கொடுவா மீன் கழுவும்போது
முதல் தடவையாகக் கழற்றினேன்,
குளிர்பெட்டி மேல் வைத்தேன்.
கை யாரோ வீட்டுக் கை மாதிரி இருந்தது.
பாதி மீனிலேயே எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
ஒரு செதில் ஒட்டியிருக்கிறது இப்போது,
விளக்கொளியில் மினுங்கிக்கொண்டு.

இதற்கு என்ன பெயர், தயாபரா?