தலைக்கீற்று

குதிரை ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்
என்ற கேள்வியில் தொடங்கியது என் தொழில்.
கூடப் படித்தவர்கள் தளபதிகளை எடுத்துக்கொண்டார்கள்,
பீரங்கிகளை, ஆமைக் கப்பல்களை.
எனக்கு மிஞ்சியது சோயா, உப்பு, வைக்கோல் செருப்பு.
"போரைப் படிக்கிறாயா, மளிகைக்கடை வைக்கப்போகிறாயா?"
வாய்மொழித் தேர்வில் கேட்டார் பேராசிரியர் கூ.
இரண்டும்தான் ஐயா என்றேன்.
மதிப்பெண் குறைந்தது.

ஜொஞ்ஜு ஆவணக் காப்பகம்,
மூன்றாம் மாடி, கிழக்கு ஜன்னல்.
அட்டை போன ஒரு கிட்டங்கிக் கணக்கேட்டில்
மலைக்கோட்டைக்கு அனுப்பிய ஆட்கள்: மூவாயிரம்.

அந்த மூவாயிரம் பேருக்கு
இருபத்தாறு வருடம் சோறு போட்டேன்.
வேளைக்கு எத்தனை படி, எத்தனை பொதிமாடு,
பனி விழுந்தால் எந்தக் கணவாய்.
புத்தகம் வந்தது, வேலை நிரந்தரமானது.
தைபேயில், ஃபுகுவோக்காவில்
எழுந்து நின்று மறுத்தவர்களுக்கு
ஏட்டின் படத்தைக் காட்டினேன்.
உட்கார்ந்தார்கள்.

ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கையில்
தாக் யோங்சன் கூப்பிட்டான்.
தாள் சீரமைப்பவன்,
சுண்டுவிரலில் எப்போதும் காய்ந்த பசை.
"ஈரப் பஞ்சால் ஒற்றினேன், கீற்று வந்துவிட்டது."
வந்துவிட்டது என்றால்?
"அது மை இல்லை அம்மா. ஈ எச்சம்.
யாரோ விரலால் இழுத்திருக்கிறார்கள்."

அந்தப் பழைய எழுத்தில்
பத்து என்பது ஒரு கூட்டல் குறி.
அதன் தலையில் சாய்வாக ஒரு கீற்று விழுந்தால்
ஆயிரம்.
தலையெழுத்து என்பதை
அதுவரை நான் நம்பியதில்லை.

முப்பது பேர்.
ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம்.

அன்றிரவு முளைப்பயறு சூப் கடையில்
கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.
விளிம்பில் ஓர் ஈ நடந்தது.
இணையாசிரியரைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

திருத்தக் குறிப்பு ஒன்றரைப் பக்கம்.
யோங்சன் பெயரை முதலில் போட்டேன்.
"சிறு பிழை" என்று தலைப்பு வைத்தார்கள் இதழ்க்காரர்கள்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது பேரை
எங்கே அனுப்புவது என்று அதில் எழுத இடமில்லை.
பிறக்காதவர்கள்; சாகவும் இல்லை.
ஆனால் பசித்திருந்தார்கள், எனக்குத் தெரியும்.

அதே ஏட்டில், நான்கு வரி தள்ளி,
செருப்பு இருபத்தெட்டு ஜோடி.
எழுத்தன் தூக்கக்கலக்கத்தில் எழுதியது என்று
முதல் புத்தகத்தில் அடிக்குறிப்புக்கு ஒதுக்கியிருந்தேன்.

அப்படியானால் இரண்டு பேர்
வெறுங்காலோடு மலையேறியிருக்கிறார்கள்.
பதவி போன பிறகும்
காலையில் காப்பகத்துக்குப் போகிறேன்.
அந்த இருவருக்காக.