படிவத்தின் கடைசிக் கட்டம்

எல் ஆல்டோவில் கடல்மட்டம் என்பது
நாலு கிலோமீட்டர் கீழே கிடக்கும் வதந்தி.
ஆக்சிஜன் பார்க்கும் கருவி அங்கே பிறந்தது.
இங்கே நல்ல பிள்ளையின் பாதத்தில் மாட்டினாலும் கத்தும்.
முதல் வருடம் அதை நம்பாமலிருக்கப் பழகினேன்.
எப்போது நம்புவது என்பதற்கு
இன்னும் மூன்று வருடம் ஆனது.

இன்று நம்பினேன்.
கையில் ஓர் எண், பாதத்தில் வேறோர் எண்.
பிறந்து ஒன்பது நாள். பெண். பெயர் வைக்கவில்லை.
ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கித் தடவினேன்.
வயிற்றுக்குள் திறந்திருந்து
வெளியே வந்ததும் சாத்திக்கொள்ள வேண்டிய சின்னக் குழாய்
திரையில் திறந்தே கிடந்தது.
சிவப்பு ஒரு தரம், நீலம் ஒரு தரம்,
யார் வீட்டுக்கு யார் போவதென்றே தெரியாமல்.

தாய் ஹிலாரியா தர்கி. சந்தையில் பழைய டயர் விற்கிறவள்.
சர்க்கரை? இல்லை.
முதல் மூன்று மாதத்தில் காய்ச்சல், தடிப்பு? இல்லை.
வலிப்புக்கு மாத்திரை? இல்லை.
மது?
"ஆகஸ்டில் பூமித்தாய்க்கு ஊற்றினேன்.
அவள்தான் குடித்தாள்."
குடும்பத்தில் யாருக்காவது?
"எனக்கு முன்னால் ஓர் அண்ணன். நீலமாக இருந்தானாம்."
யாரும் படம் எடுத்துப் பார்த்ததில்லை.
எழுதிக்கொண்டேன், கேள்விக்குறியோடு.

"டயர் தூக்காதே என்று சொன்னேன்"
கதவோரம் நின்ற கணவன் தரையிடம் சொன்னான்.
டயருக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
உயரத்துக்கும் இல்லை.
அந்தக் குழாய் மூடக் காற்று வேண்டும்,
இங்கே காற்று மெலிசு,
கீழே பிறப்பவர்களைவிட இங்கே அதிகம் திறந்து கிடக்கிறது
என்பதை ஓரத்தில் என் கையெழுத்தில்தான் எழுதுகிறேன்.
கடைசிக் கட்டம்: காரணம் தெரியவில்லை.
என் பேனா அதிகம் போய்வந்த இடம் அது.

"நான் என்ன செய்தேன்?" ஐமாராவில் கேட்டாள்.
அந்த ஒரு வாக்கியத்துக்குப் போதுமான ஐமாரா
எனக்குத் தெரியும்.
ஒன்றும் செய்யவில்லை என்றேன்.
நூறு பிள்ளைக்கு ஒரு பிள்ளை
ஏதோ ஒரு இதயக் குறையோடு வருகிறது என்றேன்.
"நூறு டயரில் ஒன்று ஓட்டை என்றால்
நல்ல சரக்கு என்றுதான் வாங்குவேன்" என்றாள்.
கேலி இல்லை. கணக்குப் பார்த்தாள்.
பிறகு பிள்ளையைத் துணியில் சுற்றி முதுகில் கட்டினாள்,
முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து.

தானாகவே சாத்திக்கொள்ளலாம்.
சாத்தாவிட்டால் அடைக்க வழி இருக்கிறது.
மறுபடி வியாழன், எட்டு மணி.

கம்பிவட வண்டியில் இறங்குகையில்
எதிரே ஏறிவரும் பெட்டிகளை எண்ணினேன்.
பெட்டிக்குப் பத்துப் பேர்.
பத்தாவது பெட்டியில் ஒருவன்
கண்ணாடியில் மூச்சுவிட்டு
எதையோ வரைந்துகொண்டிருந்தான்.
என்னவென்று பார்ப்பதற்குள்
கடந்துவிட்டோம்.